தாயிடம் மறைக்கலாமா?

"உயர்தரம்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளிற் பிள்ளைகளின் பரீட்சையே நினைவுக்கு வரும். அரிசி வாங்கும்போதும் சேலை வாங்கும்போதும் உயர்ந்த தரத்தையே நாம் நாடுகின்றோம். ஆனால், வைத்தியசாலையிலிருந்து வரும் ஒரு கடதாசியில் அதே சொல் வேறு முகங் கொண்டு நிற்கின்றது. கருப்பையின் உட்புறத்திலிருந்து எடுத்த சிறு இழையத்தைச் சோதித்தவர் ஆங்கிலத்தில் "ஹை கிறேட்" என எழுதியனுப்புகின்றார். அதனைத் தமிழில் "உயர்தரப் புற்றுநோய்" என்கின்றனர். வாசித்தவர் கலங்குகின்றார், பொருள் விளங்காமையால் இரு மடங்கு கலங்குகின்றார்.

பொருளை முதலில் அறிந்துகொள்வோம். கருப்பையின் உட்சவ்வில் நுண்ணிய சுரப்பிகள் குழாய் குழாயாக அமைந்துள்ளன. அங்கே புற்று உண்டாகும்போது அவ்வமைப்புச் சிதைகின்றது. குழாய் வடிவை இழந்து திரண்டு கிடக்கும் பகுதி நூற்றுக்கு 5 பங்கை மேற்படாதாயின் அது முதலாந் தரம். 50 பங்கை மேற்படின் மூன்றாந் தரம். இடைப்பட்டது இரண்டாந் தரம். சீரஸ் வகை, தெளிகல வகை, காசினோசார்க்கோமா என வேறு சில வகைகளும் உள. அவற்றுக்கு இக் கணக்கு வேண்டியதில்லை. இன்ன வகையென்று தெரிந்தவுடனேயே உயர்தரத்தில் வைத்துவிடுவர். இக் கலங்கள் விரைந்து பெருகுவன, பரவும் இயல்பு மிக்கன என்பதே உயர்தரம் என்பதன் கருத்து. எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்பதை அச் சொல் கூறுவதில்லை.

பரவலைக் கூறுவது "நிலை" என்னும் மற்றொரு கணக்கு. "மூன்றாந் தரம்" என்பதை "மூன்றாம் நிலை" எனக் கொண்டு, நாள் முழுவதும் அடுப்பு மூட்டாது அழுதிருந்த குடும்பங்கள் உண்டு. நோய் கருப்பைக்குள் அடங்கியிருப்பின் பொதுவாக முதலாம் நிலை. கருப்பைக் கழுத்தின் உட்பகுதிக்குள் இறங்கினால் இரண்டாம் நிலை. அயல் உறுப்புகளையோ நிணநீர்க் கணுக்களையோ எட்டினால் மூன்றாம் நிலை. சிறுநீர்ப்பை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தையோ தூர உறுப்புகளையோ அடைந்தால் நான்காம் நிலை. 2023ஆம் ஆண்டிற் திருத்தப்பட்ட சர்வதேச முறையின்படி, உயர்தர நோய் கருப்பையின் தசைக்குள் இறங்கியிருந்தால், வெளியே செல்லாத போதும் அதனை இரண்டாம் நிலையிலேயே சேர்ப்பர். ஆகவே "இரண்டு" என்ற இலக்கத்தைக் கண்டதும் நோய் வெளியே போய்விட்டதென்று முடிவு செய்துவிடக் கூடாது.

நிலையை உறுதியாகச் சொல்வது பெரும்பாலும் சத்திரசிகிச்சையின் பின்னரே. ஸ்கான் படங்கள் ஓரளவு காட்டும். அகற்றிய உறுப்புகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த பின்னரே முழு விபரமும் கிடைக்கும். "எத்தனையாம் நிலை, டொக்டர்?" என்று முதல் நாளிலேயே கேட்போருக்கு "இன்னும் தெரியாது" என்ற மறுமொழி கிடைத்தால், அது பெரும்பாலும் உண்மையான மறுமொழிதான்.

இனி வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அறிக்கையை வாங்கியவர் மருமகன். கனடாவிலுள்ள மகனுக்குத் தொலைபேசியிற் செய்தி போகின்றது. கொழும்பிலுள்ள சித்தப்பாவும் ஆலோசனையிற் சேர்ந்துகொள்கின்றார். நள்ளிரவளவில் ஒரு முடிவு பிறக்கின்றது: "அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். அவ தாங்கமாட்டா." அம்மாவோ அறைக்குள் விழித்திருந்து, விறாந்தையிலிருந்து வரும் குசுகுசுப்பைக் கேட்டுக்கொண்டிருக்கின்றார். விடிந்ததும் மகளை அழைக்கின்றார்.

"பிள்ளை, உந்தக் கடதாசியிலை என்ன எழுதிக் கிடக்குது?"

"ஒண்டுமில்லை அம்மா, சின்னக் கட்டியாம்."

"சின்னக் கட்டிக்கே கொண்ணன் கனடாவிலையிருந்து வாறான்?"

மறைப்போரின் அன்பிலே நாம் ஐயங் கொள்ளவில்லை. ஆனால் அவ்வன்பு தாயாரைத் தனியே இருத்திவிடுகின்றது. அவர் அறிந்தும் அறியாதவர் போல் நடிக்க வேண்டும். பிள்ளைகள் அழுதும் அழாதவர் போல் நடிக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரு நாடகங்கள்! நோயுடன் போராட வேண்டிய வலுவில் ஒரு பங்கு இதிலேயே செலவாகிவிடும்.

மறைப்பதனால் சிகிச்சைக்கும் கேடுண்டு. கருப்பை, சூலகங்கள், குழாய்கள் யாவற்றையும் அகற்றுவதே வழக்கமான முதற் சிகிச்சை. வேண்டியவிடத்து நிணநீர்க் கணுக்களையும் வபையின் ஒரு பகுதியையும் எடுப்பர். அதற்குரிய சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டியவர் தாயாரே. "சின்னக் கட்டி" எனக் கேட்டுக் கையெழுத்திட்டவர், பின்பு கதிர்ச்சிகிச்சைக்கு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரமளவில் ஏன் போக வேண்டுமென்று அறியாது திகைப்பார். மருந்தேற்றும் காலத்திற் காய்ச்சல் கண்டால் அது பெரும் அபாயம். 38 பாகைக்கு ஏறினால், இரவானாலும் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். தம் நோய் இன்னதென்று அறியாத ஒருவர், பனடோலைப் போட்டுக்கொண்டு விடியும்வரை பொறுத்திருப்பார் அல்லவா?

மறைவு நம்மிடையே நோய் தோன்றுமுன்பே தொடங்கிவிடுகின்றது. கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் கண்ட, மாதவிடாய் நின்ற பெண்களிற் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் வரையில், முன்னரே இரத்தக் கசிவைக் கண்டவர்கள். கசிவு கண்டோர் எல்லாருக்கும் புற்றுநோய் இருப்பதில்லை. ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கே இருக்கும். ஆயினும் ஒரு துளியானாலும் வைத்தியரிடஞ் சொல்ல வேண்டும். "இந்த வயதில் இதைப் போய்ச் சொல்வதா" என்னும் கூச்சத்தினால் மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

இவ்விடத்திற் பழைய வரலாறு ஒன்றை நம் மாணவ நேயர்களுக்குக் கூற வேண்டும். 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரிலே, ஒல்ட்ரெட் வார்தின் என்னும் நோயியல் அறிஞரிடம் தையல் வேலை செய்த ஒரு பெண், தம் கவலையைச் சொன்னார். தம் குடும்பத்திற் பலர் குடலிலோ இரைப்பையிலோ கருப்பையிலோ புற்று வந்து இளவயதில் இறந்தனர் என்றும், தமக்கும் அதுவே நேரும் என்றும் அவர் கூறினார். சொன்னவாறே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்ன சொல் வீண்போகவில்லை. வார்தின் அக் குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913இல் வெளியிட்டார். 1960களில் ஹென்றி லிஞ்ச் என்பவர் இத்தகைய குடும்பங்களை மேலும் ஆராய்ந்தார். இன்று அப் பரம்பரை இயல்புக்கு அவர் பெயரே வழங்குகின்றது. கருப்பைப் புற்றுநோய்களிற் பெரும்பாலானவை பரம்பரையால் வருவன அல்ல. சிலவற்றில் அவ்வியல்பு இருக்கக் கூடும். அகற்றிய கட்டியைச் சாயமூட்டிச் சோதித்தால் அதற்கான அறிகுறி தெரியும். தெரிந்தால் பிள்ளைகள் குடலைக் காலத்துக்குக் காலம் பரிசோதித்து, நோயை முளையிலேயே பிடிக்கலாம். தாய்க்கே மறைக்கும் வீட்டில், பேத்திக்கு இதை யார் சொல்வார்?

வேறொரு செய்தியும் உண்டு. உயர்தரம் என்ற சொல்லின் கொடுமையைச் சற்றுக் குறைப்பது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் 373 கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, கருப்பை உட்சவ்வுப் புற்றை நான்கு குழுக்களாக வகுத்தனர். ஒல்லாந்து முதலிய நாடுகளில் நடந்த போர்டெக்-3 என்ற பரிசோதனையிற் பங்குபற்றிய பெண்களின் கட்டிகளை அவ்வாறே பகுத்த முடிவு 2020இல் வெளியாயிற்று. அவர்கள் யாவரும் ஆபத்து மிக்க நோயுடையோர். சத்திரசிகிச்சையுங் கதிர்ச்சிகிச்சையும் பெற்றோர். அவர்களுள் "போல்" என்னும் மரபணு மாறிய குழுவினரில் நூற்றுக்கு 98 பேர் ஐந்தாண்டின் பின்னும் நோய் திரும்பாதிருந்தனர். நுணுக்குக்காட்டியில் மிகப் பயங்கரமாகத் தோன்றும் கட்டிகள் பல இக் குழுவைச் சேர்ந்தவை! "பி 53" மாறிய குழுவே மிகக் கடினமானது. அதில் கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றோரில் 36 சதவீதத்தினரும், இரசாயன மருந்தும் சேர்த்துப் பெற்றோரில் 59 சதவீதத்தினரும் அவ்வாறிருந்தனர். நோய் முற்றிய நிலையிலுள்ளோருக்கு உடலின் எதிர்ப்புச் சத்தியைத் தூண்டும் மருந்துகளும் துணை செய்வதை 2023இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள் காட்டின. இக் கட்டி எக் குழுவைச் சேர்ந்தது, அதனை அறியும் சோதனை எங்கே கிடைக்கும் என்று வைத்தியரைக் கேட்பது நோயாளியின் உரிமை.

எவ்வாறு சொல்வது என்பதுதான் பலருக்கும் மலைப்பு. வைத்தியரே, தாயாரின் முகத்தைப் பார்த்துத் தமிழிற் சொல்வது நன்று. மஹரகமையிலே வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவாராயின், பக்கத்திலிருந்து மொழிபெயர்க்கும் மகன் வடிகட்டிச் சொல்லலாகாது. "எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள், அம்மா?" என்று முதலிற் கேட்கலாம். எல்லாவற்றையும் அறிய வேண்டாமென்று அவரே சொன்னால் அதற்கும் பணிய வேண்டும். இலக்கங்களை நாமாகக் கொட்ட வேண்டியதில்லை.

சத்திரசிகிச்சைக்கு முந்திய நாட்கள் வெறுமனே கழிவனவல்ல. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தல், உண்ணும் மருந்து யாவற்றையும் எழுதி எடுத்துச் செல்லல், அனீமியா இருந்தால் திருத்திக்கொள்ளல் எனப் பல கருமங்கள் உள. அயலார் கொண்டுவரும் முட்சீத்தா இலைக் கஷாயத்தையும் வைத்தியருக்குத் தெரியாமற் குடிக்க வேண்டாம். சில மூலிகைகள் மருந்துடன் மோதும். இந் நோய் தொற்றுவதன்று. கோப்பையை வேறாக வைப்பது அறியாமை. "இப்படித்தான் எங்கள் மாமியும்..." என்று தொடங்கும் விருந்தினருக்குத் தேநீரைச் சீக்கிரங் கொடுத்து அனுப்பிவிடுவது குற்றமாகாது.

வடக்கிலுள்ளோர் எல்லாச் சிகிச்சைக்கும் மஹரகமைக்கே போக வேண்டியதில்லை. தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. 2011ஆம் ஆண்டில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து மக்கள் திரட்டிய பணம் அதன் வளர்ச்சிக்கே சென்றது. எங்கே போனாலும் ஒரு கொப்பியை உடன் கொண்டு போங்கள். கேள்விகளை வீட்டிலேயே எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாயாருக்கென்றே விடுங்கள். அவருடைய கேள்விகள் பிள்ளைகளுடையவை போலிரா. "தலைமயிர் திரும்ப முளைக்குமோ?" முளைக்கும், மருந்து முடிந்து சில மாதங்களில். "கிணற்றிலை தண்ணி அள்ளலாமோ?" வயிற்றைத் திறந்து செய்த சத்திரசிகிச்சையாயின் ஆறு வாரமளவுக்குப் பாரம் தூக்கக் கூடாது, அதன் பின் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு அள்ளலாம்.