கூட்டத் தெரிந்தால் கோடு போடலாம்!

கிராஸ் ஸ்டிட்சில் சாய்கோடு போட்டிருக்கிறீர்களா? கட்டம் கட்டமாகத்தான் ஏற வேண்டும். எந்தக் கட்டத்தில் ஏறுவது? அதுதானே சங்கடம்!

கம்ப்யூட்டருக்கும் இதே சங்கடந்தான். திரையும் கட்டங்கள்தானே! ஒவ்வொரு புள்ளிக்கும் பெருக்கி வகுத்துக்கொண்டிருந்தால் நேரம் பிடிக்கும். 1962-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜாக் பிரெசன்ஹாம், பேனாவால் படம் வரையும் யந்திரத்துக்காகச் சுலப வழி கண்டார்.

வலப்புறம் 5 கட்டம் போவதற்குள் 2 கட்டம் ஏற வேண்டுமா? பூஜ்யத்தில் தொடங்கி, அடிக்கு அடி 2 கூட்டுங்கள். கணக்கு 5-ல் பாதியைத் தாண்டியதும் ஒரு கட்டம் ஏறி, 5-ஐக் கழியுங்கள். 1 குறைகிறதா? கவலை வேண்டாம், தொடர்ந்து கூட்டுங்கள். இரண்டாவது, நான்காவது அடிகளில் ஏறுவீர்கள்.

பின்னாளில் படம் வரையும் சில்லுகளுக்குள்ளேயே இக்கணக்கைப் பதித்துவிட்டார்கள். கூட்டல், கழித்தல் மட்டுமே என்பதால் சுற்றும் எளிது, வேகமும் அதிகம்.

நீங்களும் ஊசி நூலோடு சோதித்துப் பாருங்களேன்!