உயர் அழுத்த உயிர்வாயு சிகிச்சையின்போது பார்வை மங்கினால்

நீரிழிவினால் காலில் வந்த புண் ஆறாவிட்டால், அல்லது புற்றுநோய்க்கான கதிரியக்கச் சிகிச்சைக்குப் பிறகு திசுக்கள் பாதிக்கப்பட்டிருந்தால், மருத்துவர் உங்களை உயர் அழுத்த உயிர்வாயு சிகிச்சைக்கு அனுப்பலாம். கடலில் முக்குளிப்பவர்களுக்கு ஏற்படும் அழுத்த நோய்க்கும் இதே அறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அறையில் அழுத்தம் வழக்கமான காற்றழுத்தத்தைப் போல் 2 முதல் 2.5 மடங்காக இருக்கும். நீங்கள் தூய உயிர்வாயுவைச் சுவாசித்தபடி ஏறக்குறைய 2 மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாள் வீதம் 20 முதல் 40 முறை போகவேண்டியிருக்கும்.

சில வாரங்கள் சென்றதும் தூரத்தில் வரும் பேருந்தின் எண் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அதே சமயம், நாளிதழைக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறதே என்று சிலர் வியப்பதும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதிக உயிர்வாயுவினால் கண்வில்லை ஒளியை வளைக்கும் விதம் மாறி, தற்காலிகமாகக் கிட்டப்பார்வை ஏற்படுகிறது. கண்புரை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தியவர்களுக்கு இம்மாற்றம் பெரும்பாலும் வருவதில்லை.

பயந்துபோய்ச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். புண் ஆறாமல் போனால் காலையே இழக்க நேரிடலாம். பார்வையோ, சிகிச்சை முடிந்த சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் உடனே கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். பிறகு அது உங்களுக்குப் பொருந்தாது, பணம்தான் வீண். சிகிச்சை முடிந்து குறைந்தது 2 மாதமாவது பொறுத்திருந்து கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடியையும் தூக்கிப் போட்டுவிடவேண்டாம். அதுவரை தூரப்பார்வை தெளிவாக இல்லையென்றால் வாகனம் ஓட்டாதீர்கள். சாலையைக் கடக்கும்போதும் கூடுதல் கவனம் தேவை.

ஏற்கெனவே கண்புரை இருந்தால், பல முறை சிகிச்சை பெறும்போது அது வேகமாக முற்றக்கூடும். எனவே தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் கட்டாயம் தெரிவிக்கவேண்டும். அந்த வாயு முழுமையாகக் கரையும்வரை அறைக்குள் செல்லக்கூடாது.

சிகிச்சையின்போது இரத்தச் சர்க்கரை குறையலாம். அதனாலும் கண் மங்கி, வியர்த்து, கை நடுங்கும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அறைக்குள் அப்படித் தோன்றினால் உடனே தாதியிடம் கூறுங்கள்.

திடீரெனப் பார்வை போவது, கண்ணில் கடும் வலி, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது ஆகியவை மேலே சொன்ன மாற்றத்தைச் சேர்ந்தவை அல்ல. அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.