ரெண்டே ரெண்டு கோல்!
பாஸ், பிரான்ஸுக்காக 142 மேட்ச் ஆடின டிஃபெண்டர் லிலியான் துராம் மொத்தம் எத்தனை கோல் அடிச்சார் தெரியுமா? ரெண்டு. நம்ம இன்டர்னல் மார்க்கைவிடக் கம்மி! ஆனா, ரெண்டும் ஒரே மேட்ச்ல.

1998 ஜூலை 8. சொந்த மண்ணுல உலகக் கோப்பை அரையிறுதி. இடைவேளை முடிஞ்ச கையோட குரோஷியாவின் சூக்கர் கோல் போட்டுட்டார். காரணம், நம்ம துராம்தான்! மத்த டிஃபெண்டர்கள் முன்னாடி ஏறிட, இவர் மட்டும் பின்னால தங்கிட்டார். அதனால சூக்கர் ஆஃப்சைடு ஆகலை. டிஃபெண்டர் பொழப்பே அப்படித்தான். ஒழுங்கா ஆடினா யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஒரு அடி பிசகினா ஊரே திட்டும்.

அடுத்த நிமிஷமே போபன்கிட்டேயிருந்து பந்தைப் பறிச்சு, கோல்! 70-வது நிமிஷம், வழக்கமில்லாத இடது காலால இன்னொண்ணு! மனுஷன் கத்தலை, குதிக்கலை. மண்டி போட்டு, உதட்டுல விரல் வெச்சு, ஏதோ யோசிக்கிற மாதிரி உட்கார்ந்துட்டார். பிரான்ஸ் 2-1. நாலே நாள்ல பிரேசிலை 3-0னு சாய்ச்சு, கோப்பையும் வந்தது.

2008-ல மெடிக்கல் டெஸ்ட்டில் இதயக் கோளாறு தெரிய, 36 வயசுல ஷூவைக் கழட்டினார். அதே வருஷம் நிறவெறிக்கு எதிரா அறக்கட்டளை ஆரம்பிச்சார்.

மகன் மார்க்கஸ்? டிஃபெண்டர் இல்லீங்க... ஃபார்வர்டு!