ஒரு செயலிக்கு என்ன விலை?

மொபைல் செயலியை உருவாக்கத்தான் பெரும் செலவு. அதன் பிறகு அதை ஆயிரம் பேர் இறக்கினாலும் பத்து லட்சம் பேர் இறக்கினாலும் கூடுதல் செலவு மிகக் குறைவு. ஆகவே அடக்க விலையின் மேல் லாபம் வைத்து விற்கும் கணக்கு இங்கே பொருந்தாது. யார் எவ்வளவு கொடுக்கத் தயார், செயலிக் கடை நடத்துபவர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்ற இரண்டுமே விலையை முடிவு செய்கின்றன.

2008 ஜூலையில் ஆப்பிள் சுமார் 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. விலையை உருவாக்கியவரே வைக்கலாம். ஆப்பிளின் கமிஷன் 30 சதவீதம். 99 சென்ட் செயலி விற்றால் உருவாக்கியவர் கைக்கு வந்தது ஏறத்தாழ 70 சென்ட். அதிகம் இறக்கப்பட்டவையே பட்டியலில் முன்னே நின்றதால், விலைக்குறைப்புப் போட்டி சீக்கிரமே தொடங்கியது.

2009 அக்டோபரில் இலவசச் செயலிக்குள்ளும் பொருள் விற்க ஆப்பிள் அனுமதித்தது. கணக்கே மாறியது. ஒரே விலை வைத்தால், அதற்கு மேல் தரக்கூடியவரின் கூடுதல் பணம் கிடைக்காது. குறைவாகத் தருபவரும் வரமாட்டார். நுழைவை இலவசமாக்கி உள்ளே விற்றால் இரு தரப்பினரும் வருவார்கள். பெரும்பாலோர் பைசா தராமல் விளையாட, சிலர் தரும் பணமே வருமானமாகிறது. இதற்கு மாறாக, 2016 டிசம்பரில் விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோ 'சூப்பர் மரியோ ரன்' விளையாட்டின் சில கட்டங்களை மட்டும் இலவசமாகத் தந்து, மீதி முழுவதற்கும் ஒரே தடவையாக 9.99 டாலர் கேட்டது. கோடிக்கணக்கானோர் இறக்கியும் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது.

சர்வர், புதுப்பிப்பு என்று தொடர்ந்து செலவு வைக்கும் செயலிகளுக்கு மாதச் சந்தா பொருந்துகிறது. ஒரே சந்தாதாரர் ஓராண்டைத் தாண்டினால் கமிஷனை 15 சதவீதமாகக் குறைப்பதாக 2016இல் ஆப்பிள் அறிவித்தது.

கமிஷன் எவ்வளவு தூரம் விலையில் ஏறுகிறது என்பதை 2020 ஆகஸ்டில் விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் காட்டியது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் 1,000 வி-பக்ஸ் நாணயங்கள் ஆப்பிள் வழியே 9.99 டாலர், எபிக்கிடமே நேரடியாகச் செலுத்தினால் 7.99 டாலர். தம் கட்டண முறையைத் தவிர்த்ததற்காக அன்றே ஆப்பிளும் கூகுளும் விளையாட்டைத் தம் கடைகளிலிருந்து நீக்கின. எபிக் வழக்குத் தொடர்ந்தது. 2021இல் ஆப்பிளும் கூகுளும் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரையிலான வருமானத்துக்குக் கமிஷனை 15 சதவீதமாக்கின. ஆப்பிளில் இச்சலுகை சிறு நிறுவனங்களுக்கு மட்டும்.

இந்தியாவில், தன் கட்டண முறையையே பயன்படுத்தும்படி கூகுள் கட்டாயப்படுத்தியதற்காக, 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைச் சுமார் 216 கோடியாகக் குறைத்தது. சந்தை ஆதிக்கத்தைக் கூகுள் தவறாகப் பயன்படுத்தியது என்ற முடிவை முற்றிலும் தள்ளிவிடவில்லை.