கணிப்பொறிக்கும் உண்டு ஒரு குளம்!

ஆழ்வார்குறிச்சி வட்டாரத்தில் பயிர் வாடும்போதெல்லாம் தண்ணீருக்காக யாரும் மலைக்கு ஓடுவதில்லை. கடனா நதி நீரைக் கால்வாய் வழியே குளத்தில் தேக்கிக்கொள்கிறார்கள். வேண்டும்போது மடையைத் திறக்கிறார்கள். கணிப்பொறியிலும் இதே உத்தி உண்டு. இதற்குக் 'கேஷ்' என்று பெயர். தமிழில் 'இடைச்சேமிப்பு' எனலாம்.

ஆழ்வார்குறிச்சி, திருநெல்வேலி - தென்காசி ரயில் பாதையில் உள்ள நிலையம். இங்கே நிற்கும் வண்டிகள் எவை என்று ஒருவர் இணையத்தில் கேட்பதாக வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் வண்டிகள் ஓர் அட்டவணையிலும், நிலையங்கள் மற்றோர் அட்டவணையிலும், நேரங்கள் வேறோர் அட்டவணையிலும் இருக்கும். மூன்றையும் தேடி இணைத்தால்தான் விடை கிடைக்கும். ஆயிரம் பேர் கேட்டால் அதே வேலை ஆயிரம் முறை! வீண் உழைப்பு அல்லவா?

ஆகவே, முதல் முறை கிடைத்த விடையை, உதிரிப் பூக்களைச் சரமாகத் தொடுப்பதுபோல ஒரே எழுத்துத் தொடராகக் கோத்துவிடுகிறார்கள். இதுவே 'தொடராக்கம்'. அந்தத் தொடருக்கு ஒரு பெயரிட்டுத் தரவுத்தளத்திலேயே ஒற்றை வரியில் வைக்கிறார்கள். அடுத்தவர் கேட்டால், பெயரைக் கொண்டு எடுத்துப் பிரித்தால் போதும். மின்சாரம் நின்றாலும் நகல் அழியாது. இன்னும் வேகம் வேண்டுமானால், நகலை நினைவகத்தில் வைக்கலாம்.

இந்தக் கருத்து புதிதன்று. கேம்பிரிட்ஜ் அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் இதைப் பற்றி எழுதினார். 1968-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 மாடல் 85 கணிப்பொறியில் இது இடம்பெற்றது. இந்திய ரயில்வே 2014-இல் புதிய மின்-பயணச்சீட்டு முறையைக் கொண்டுவந்தபோது, அடிக்கடி தேவைப்படும் தகவல்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் உத்தியைக் கையாண்டது. நிமிடத்துக்கு 2,000 சீட்டுகளாக இருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது.

ஆனால், இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வண்டியில் ஒரே ஒரு படுக்கைதான் மீதம். அதை ஒருவர் வாங்கிவிட்டார். நகலிலோ இன்னும் '1' என்றே இருக்கிறது. அதை நம்பி இன்னொருவருக்கும் விற்றால் என்ன ஆகும்? ஒரே படுக்கைக்கு இருவர்!

எனவே, எதை எவ்வளவு நேரம் சேமிப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. கால அட்டவணை எப்போதாவதுதான் மாறும். நெடுநாள் வைக்கலாம், மாறியதும் பழைய நகலை அழித்துவிட வேண்டும். காலியிட எண்ணிக்கையைச் சில நொடிகளுக்கே நம்பலாம். சீட்டு வழங்கும் நொடியிலோ மூலப் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: பள்ளியின் தேர்வு அட்டவணை, இன்றைய வருகைப் பதிவு, நூலகத்தில் மீதமுள்ள புத்தகங்கள் - இவற்றில் எதைக் குளத்தில் தேக்கலாம்? எதற்கு ஆற்றுக்கே போக வேண்டும்?