சவுக்கு மெலிந்தால் புயலைத் தாங்குமா?

காட்டுப்பள்ளி தொடங்கி பழவேற்காடு வரை கடலோர மணலில் சவுக்குத் தோப்பு இல்லாத இடம் குறைவு. கழி பந்தலுக்கும் சருகு அடுப்புக்கும் போகும். கட்டை லாரியேறி காகித ஆலைக்குப் போகும். அதனால் லிக்னினைக் குறைத்த மரம், பயிர் என்ற பேச்சு வந்தால் இங்கேயும் கேள்விகள் எழும்.

அது என்ன லிக்னின்?

மரத்தை மரமாக நிமிர்த்தி வைக்கும் பொருள். செல்சுவரில் செல்லுலோஸ் நார்களைச் சுற்றி இறுகி நிற்கும். நீர் ஏறும் குழாய்கள் நசுங்காமலும் காக்கும்.

அப்படியானால் ஏன் குறைக்க வேண்டும்?

காகிதத்துக்கு முக்கியமாக வேண்டியது செல்லுலோஸ். லிக்னின் தங்கினால் தாள் பழுக்கும். நீங்கள் படிக்கும் நாளிதழையே இரண்டு நாள் வெயிலில் போட்டுப் பாருங்கள். அதைக் கரைக்கத்தான் ஆலைகள் மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்து சுமார் 170 டிகிரியில் வேகவைக்கின்றன. லிக்னின் குறைந்தால் ரசாயனச் செலவு குறையும். வைக்கோலிலிருந்து எத்தனால் எடுப்பவர்களுக்கும் மாட்டின் வயிற்றுக்கும் லிக்னின்தான் தொல்லை. ஆனால் ஆலைக்கு அது முழுக் குப்பையும் அல்ல: லிக்னின் கரைந்த கருஞ்சாற்றைக் காய்ச்சி, எரித்துத்தான் நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

மரபணு மாற்றமா?

எல்லா நேரமும் அல்ல. இலையின் நடுநரம்பு பழுப்பாகத் தெரியும் மக்காச்சோளம் அமெரிக்காவில் 1920களிலேயே தானாகத் தோன்றியது. அதில் லிக்னின் குறைவு. மரபணு மாற்றி லிக்னினைக் குறைத்த குதிரைமசாலுக்கு 2014இல் அங்கே அனுமதி கிடைத்தது. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் தந்த சவுக்கு ரகங்களோ நல்ல மரங்களைத் தேர்ந்தெடுத்து, குச்சிகளை வேர்விடச் செய்து பெருக்கியவை. இந்தியாவில் வணிகமாகப் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர் 2002இல் வந்த பருத்தி மட்டுமே.

வர்தா புயல் மாதிரி ஒன்று வந்தால்?

நியாயமான பயம். 2016 டிசம்பர் 12 அன்று வீசிய அந்தக் காற்றில், லிக்னின் குறையாத மரங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அமெரிக்காவின் ஒரிகனில் லிக்னினை அதிகம் குறைத்த பாப்லார் மரங்களை வயலில் வளர்த்துப் பார்த்தார்கள். சில குட்டையாகின, கட்டை வலுவிழந்தது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் இப்போது அளவை வெட்டுவதைவிட, எளிதில் கரையும் வகை லிக்னினாக மாற்றவே பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆலைக்கான மரம் கடலைவிட்டுத் தள்ளி உள்ள வயலில் வளரட்டும். அலையை ஒட்டிய காப்புத் தோப்பில் இந்தச் சோதனை வேண்டாம். சவுக்கின் மகரந்தம் காற்றில் பறப்பது என்பதால், மரபணு மாற்றிய மரமாக இருந்தால் இடைவெளியும் போதிய அளவு இருக்க வேண்டும்.

விறகு?

லிக்னின் செல்லுலோஸைவிட அதிகச் சூடு தரும். ஆனால் வித்தியாசம் அடுப்பில் தெரிவதைவிட, ஈரத்தில் ஊன்றிய கழியில்தான் முதலில் தெரியும்: மட்காமல் காப்பதிலும் லிக்னினுக்குப் பங்கு உண்டு.