பட்டை ரம்பம்

மரத்தை நேராக அறுப்பதற்குக் கைவாள் போதும். நாற்காலியின் வளைந்த கால், தொட்டிலின் அடிச்சட்டம், வண்டிச் சக்கரத்தின் வட்டை முதலியவற்றை அறுத்தெடுப்பதற்கோ மெல்லிய வாள் வேண்டும். அவ்வாள் ஓயாது ஒரே திசையில் ஓடவும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்யும் பொறியே பட்டை ரம்பம். பட்டறைகளில் இதனைப் ‘பேண்ட்சா’ என்று வழங்குவர்.

இப்பொறியின் அமைப்பு எளியது. மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்கள் உள்ளன. பற்கள் வெட்டிய மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று, முனைகள் இணைக்கப்பெற்று, அச்சக்கரங்களைச் சுற்றி ஓடுகிறது. கீழ்ச்சக்கரத்தை மோட்டார் சுழற்றுகிறது. மேற்சக்கரம் பட்டையை இழுத்துப் பிடிக்கிறது. இடையிலுள்ள மேசையின்மீது மரத்தை வைத்துத் தள்ளினால், கீழ்நோக்கி ஓடும் பட்டை அதனை அறுக்கிறது.

அமைப்பு எளியதாயினும் இது எளிதில் கைகூடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வில்லியம் நியூபெரி என்னும் ஆங்கிலேயர் இக்கருத்திற்கு உரிமம் பெற்றார். ஆனால் சக்கரங்களில் ஓயாது வளைந்து நிமிர்ந்த பட்டை, இணைப்பில் அற்றுப் போயிற்று. 1846ஆம் ஆண்டில் ஆன் போலின் கிரெப்பேன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி உறுதியான இணைப்பு முறையைக் கண்டார். அதன் பின்னரே பொறி பயனுக்கு வந்தது. கருத்தில் குறையில்லை, குறை இருந்த இடம் ஒரு சிறு இணைப்பு. பழைய பட்டை ரம்பத்தைப் பழுதுபார்ப்போர் நினைவில் கொள்ள வேண்டிய உண்மையும் இதுவே.

வீட்டுப் பட்டறையில் பல்லாண்டு உழைத்த பட்டை ரம்பம் ஒன்று பழுதுற்றால், பட்டை சக்கரத்திலிருந்து நழுவும், அறுப்பு கோட்டை விட்டு விலகும், பொறி அதிரும். அனுபவமற்றவர் உடனே பெரிய மோட்டார் ஒன்றை வாங்கிப் பொருத்த எண்ணுவர். அதனால் பழுது நீங்குவதில்லை. கோணலான அறுப்பு விரைவாகக் கோணுவதே மிச்சம். நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருத்துவர் மருந்து கொடுப்பார். பொறிக்கும் அம்முறையே பொருந்தும்.

முதலில் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். பின்னர்த் தோல் கையுறை அணிந்து பட்டையைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களை ஆராய வேண்டும். சக்கரத்தைப் பற்றி அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், அதன் பேரிங்குகள் தேய்ந்துள்ளன. அவற்றை மாற்ற வேண்டும். சக்கரத்தின் விளிம்பில் ரப்பர் வளையம் உண்டு. அது பற்களைக் காப்பதோடு, நடுவில் சற்றே மேடாக இருந்து, பட்டையை நழுவாமல் நிறுத்துகிறது. ரப்பர் காய்ந்து வெடித்தாலும், அதில் மரத்தூள் அப்பி இறுகினாலும் மேடு கெடும், பட்டை நழுவும். தூளைச் சுரண்டி எடுத்தும் சீர்ப்படாவிடில் புதிய வளையம் பொருத்துதல் வேண்டும். நீண்ட நேர்கோல் ஒன்றை இரு சக்கரங்களின் விளிம்புகளிலும் பொருத்தி, அவை ஒரே தளத்தில் உள்ளனவா என்றும் காண வேண்டும்.

அடுத்து ஆராய வேண்டியது மேற்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் சுருள்வில். பல்லாண்டுகள் அமுங்கிக் கிடந்த வில் வலுவிழக்கும், பட்டை தளரும், தளர்ந்த பட்டை மரத்தினுள் வளையும். வில்லைச் சீராக்கிப் பட்டையை மாட்டிய பின், சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, மேற்சக்கரத்தின் சாய்வைத் திருகினால் திருத்தி, பட்டை நடுவில் ஓடுமாறு செய்தல் வேண்டும்.

பட்டையின் இருபுறமும் உள்ள தாங்கு கட்டைகள் அது பக்கவாட்டில் விலகாமல் காக்கின்றன. பின்னால் உள்ள சிறு பேரிங்கு, மரத்தைத் தள்ளும்போது பட்டை பின்வாங்காமல் தடுக்கிறது. இவற்றுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு தாளின் கனம் அளவே இடைவெளி இருத்தல் வேண்டும். இறுதியாக, மேசை பட்டைக்குச் செங்கோணத்தில் உள்ளதா என மூலைமட்டத்தால் பார்த்தல் வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் அறுப்பு விலகுமாயின், பற்கள் மழுங்கியிருக்கும். அல்லது ஒருபுறத்துப் பற்கள் மட்டும் கூர்மையாயிருக்கும்.

பழுது நீங்கிய பின்னரே மேம்பாட்டைப் பற்றி எண்ணலாம். அங்கும் ஓர் உறுப்பை மாற்றினால் மற்றவையும் மாறும் என்பதை மறத்தல் ஆகாது. கனமான கட்டைகளை அறுப்பதற்காகச் சட்டத்தின் நடுவே 6 அங்குல உயரமுள்ள இரும்புத் துண்டு ஒன்றைச் சேர்ப்பதுண்டு. அப்போது பட்டை இருபுறமும் ஆறாறு அங்குலமாக, ஏறத்தாழ 12 அங்குலம் நீள வேண்டும். தாங்கு கட்டையைத் தாங்கும் தண்டும் பாதுகாப்பு மூடியும் அதற்கேற்ப நீளல் வேண்டும்.

வேகமும் கணக்கிற்கு உட்பட்டதே. 14 அங்குல விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 44 அங்குலம். நிமிடத்திற்கு 1440 முறை சுழலும் மோட்டார், கப்பிகளின் உதவியால் சக்கரத்தை 720 முறை சுழற்றுவதாகக் கொண்டால், பட்டை நிமிடத்திற்கு 2640 அடி, அஃதாவது அரை மைல் ஓடும். கப்பிகளை மாற்றாமல் 2880 முறை சுழலும் மோட்டாரைப் பொருத்தினால், அதே பட்டை நிமிடத்திற்கு ஒரு மைல் ஓடும். அவ்வேகத்திற்கென அமையாத சிறு பொறி பேரதிர்வு கொள்ளும்; பட்டை அறுபடவும் கூடும். எனவே மோட்டாரை மாற்றுவோர் கப்பியையும் கணக்கிட்டு மாற்றுதல் வேண்டும்.

பொறி சீர்ப்பட்ட பின் தேவைப்படுவது மனிதனின் எச்சரிக்கை. மேல்தாங்கியை மரத்திற்குச் சற்று மேலே இருக்குமாறு இறக்கிவைத்தால், திறந்து கிடக்கும் பற்களின் அளவு குறையும். சிறு துண்டுகளை விரலால் தள்ளாது, தள்ளுகோலால் தள்ள வேண்டும். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி தேவை. பட்டையைக் கழற்றும்போது காக்கும் கையுறை, பொறி ஓடும்போது பகையாகும். துணியைப் பற்றும் பல் கையையும் இழுத்துவிடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பட்டை சிறிது நேரம் ஓடும். அது முற்றிலும் நிற்கும்வரை கதவைத் திறத்தல் கூடாது. நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமாதலின், அதனை உறிஞ்சி வெளியேற்றும் குழாயைப் பொருத்துவதே மேம்பாடுகளுள் தலையாயது எனலாம்.

தேய்ந்த பேரிங்கு, தளர்ந்த வில், காய்ந்த ரப்பர் ஆகியவை சிறு பொருள்களே. அவற்றைக் கண்டறியாதவர் பயனுள்ள பொறியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவர். காரணத்தைப் பொறுமையுடன் தேடுபவரோ, சிறு செலவில் அதனை மீண்டும் உழைக்கச் செய்வர். கைத்திறனுக்கு வலிமை தருவது இத்தகைய ஆராயும் அறிவே ஆகும்.